இரும்பு மிதக்கும் நாள்

துருக்கியின் மேற்குக் கரையில், இஸ்மிர் நகருக்கு வடமேற்கே, ஏஜியன் கடலை நோக்கி அமைந்த சிற்றூர் ஃபோச்சா. கடலுக்குள் நீண்ட ஒரு நிலமுனை, அதன் இருபுறமும் இரு சிறு துறைகள், எதிரே குறுந்தீவுகள். பொக்காயா என்பது இதன் பழம்பெயர். கடல்நாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது என்பர். அருகிவரும் அவ்வுயிரினம் இன்றும் இக்கரையை விட்டு நீங்கவில்லை.

கிரேக்கருள் நெடுங்கடற் பயணத்தை முதலில் மேற்கொண்டவர் இவ்வூராரே என்கிறார் வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ். ஐம்பது துடுப்புக் கலங்களில் அவர்கள் ஸ்பெயின் வரை சென்றனர். கி.மு. 600 அளவில் அவர்கள் நிறுவிய குடியேற்றமே இன்றைய மார்செய் மாநகரம்.

கி.மு. 540களில் பாரசீகப் படை ஊரை முற்றுகையிட்டது. அடிமைப்பட மனமில்லாத மக்கள், எண்ணிப் பார்க்க ஒருநாள் தவணை கேட்டனர். அந்த ஒரு நாளில் மனைவி மக்களையும் தெய்வத் திருவுருவங்களையும் கலங்களில் ஏற்றிப் புறப்பட்டனர். பகைவர் கைப்பற்றியது ஆளில்லா ஊரை. பின்னர் இரும்புப் பாளம் ஒன்றைக் கடலில் எறிந்து, 'இது மிதக்கும் நாள் வரை ஊர் திரும்போம்' என்று சூளுரைத்தனர்.

ஆயினும் பாதிக்கு மேற்பட்டோர், ஊர் நினைவு மேலிட, சூளை மறந்து திரும்பிவிட்டனர். எஞ்சியோர் கார்சிகா தீவுக்குச் சென்றனர். அங்கும் நிலைக்க இயலாமல், இறுதியில் தென் இத்தாலியில் எலியா நகரை நிறுவினர். மெய்யியலறிஞர் பார்மனிடிஸ் பிறந்த ஊர் அது.

திரும்பியோரைச் சூள் பிழைத்தோர் என்கிறார் ஹெரடோட்டஸ். நாம் அவ்வளவு விரைவில் தீர்ப்புரைக்க வேண்டியதில்லை. கி.மு. 494இல் லாடே கடற்போரில் பொக்காயா அனுப்ப முடிந்தவை மூன்றே கலங்கள். எனினும் கிரேக்கக் கப்பற்படையைப் பயிற்றும் பொறுப்பு இவ்வூர் டயோனிசியசிடமே ஒப்படைக்கப்பட்டது. திரும்பியோர் இல்லையேல் அந்த ஊர் ஏது?

பின்னாளில் படிகார வணிகத்தால் ஜெனோவா நாட்டவர் இங்குச் செழித்தனர். அடுத்து உதுமானியர் ஆண்டனர். 1914இல் வன்முறைக்கு அஞ்சி இவ்வூர்க் கிரேக்கர் கடல் கடந்து ஓடினர். சிலர் திரும்பினர், 1922இல் அவர்களும் நீங்கினர். ஏதென்சுக்கு அருகே அவர்கள் அமைத்த குடியிருப்பின் பெயர் பலையா ஃபோக்கியா. 'பழைய பொக்காயா' என்பது அதன் பொருள். புத்தூருக்குப் பழைய ஊர் என்றே பெயர்!

மார்செய் மக்கள் 2,600 ஆண்டுகளுக்குப் பின்னும் தம் நகரைப் பொக்காயர் நகரம் என்கின்றனர். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நமக்கு இச்செய்தி புதிதன்று. சென்றவர் ஊர்ப்பெயரைக் காத்தனர். திரும்பியவர் ஊரைக் காத்தனர். இருசாராரிடமும் இருந்தது ஒரே பற்றுதான்.