கார்னே: எல்லை தாண்டும் வண்டியின் சுங்கப் புத்தகம்

வெளிநாடு செல்பவருக்குக் கடவுச்சீட்டு. அவர் ஓட்டிச் செல்லும் மோட்டார் சைக்கிளுக்குக் கார்னே. 1954 ஜூன் 4 அன்று நியூயார்க்கில் உருவான ஐ.நா. சுங்க உடன்படிக்கை இதற்கு அடிப்படை. உள்ளே வந்த வண்டி அங்கேயே விற்கப்பட்டால் இறக்குமதி வரி போய்விடுமே என்பதுதான் அரசுகளின் அச்சம். வண்டி திரும்பாவிட்டால் வரிக்கு மோட்டார் சங்கம் பொறுப்பு. அதற்காக உரிமையாளரிடம் பிணைத்தொகையோ வங்கி உத்தரவாதமோ முன்கூட்டியே வாங்கிவிடும்.

புத்தகத்தின் ஒவ்வொரு தாளிலும் மூன்று பகுதிகள் உண்டு. நுழையும்போது ஒன்றும் வெளியேறும்போது ஒன்றும் சுங்க அதிகாரி கிழித்துக்கொள்வார். மிஞ்சும் அடிக்கட்டையில் இரண்டு முத்திரைகளும் இருக்க வேண்டும். வெளியேறும் முத்திரை விடுபட்டால், வண்டி குன்னத்தூரில் வீட்டு வாசலில் நின்றாலும் கணக்கில் அது அந்த நாட்டை விட்டு வரவில்லை, பிணைத்தொகைக்கு ஆபத்து. திருப்பூரில் ஏற்றுமதிக் காகிதம் பார்ப்பவர்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல.

நேபாளம் செல்லும் இந்திய வண்டிக்குக் கார்னே தேவையில்லை; எல்லையில் 'பன்சார்' எனும் சுங்கக் கட்டணத்தை நாள்கணக்கில் கட்டினால் போதும். மியான்மர் அப்படியல்ல. அங்கே செல்லும் வழியில் கடைசி இந்திய ஊர் மணிப்பூரின் மோரே. 1962 இராணுவ ஆட்சிக்குப் பின் பர்மாவை விட்டு வந்த தமிழர் பலர் அங்கே குடியேறினர். அங்காள பரமேஸ்வரி கோயிலும் எழுப்பினர். பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று வந்து, எல்லையில் தடுக்கப்பட்டுத் தங்கியவர்களும் அவர்களில் உண்டு. 2018 ஆகஸ்டில் மோரே–தமு வாயில் விசா உள்ளவர்களுக்குத் திறந்தது. வண்டிக்கு மட்டும் தனி அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் வேண்டியிருந்தன. 2020 மார்ச்சில் கொரோனாவால் அதுவும் மூடப்பட்டது.