குரல் நின்ற இடம்

சென்ற நவராத்திரியில் என் மகள் ஒரு தேவாரப் பதிகத்தை ஒலிப்பதிவில் கேட்டு, ஆர்மோனியத்தில் அதன் சுரங்களைத் தேடிக் கண்டாள். கட்டைகள் ஏழும் பிழையின்றிக் கிடைத்தன. “இது கல்யாணி” என்றாள். ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் ஒன்றும் சொல்லாமல் வேறொரு கட்டையை அழுத்திப் பிடித்துப் பாடத் தொடங்கினார். பாட்டு சங்கராபரணமாய் ஒலித்தது. ஓதுவார் மரபில் அது பழம்பஞ்சுரப் பண். மகள் மத்திமத்தைச் சட்சமாகக் கொண்டுவிட்டாள், பிழை அவ்வளவே.

இந்த நுட்பத்தைப் பழந்தமிழர் நன்கு அறிந்திருந்தனர். ஏழிசைக்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயரிட்டனர். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி என்பாள் ஆயர் மகளிர் எழுவரை வட்டமாக நிறுத்தி, அவர்களுக்கு இப்பெயர்களைச் சூட்டுகிறாள். குரலைக் கண்ணனாகவும், இளியைப் பலராமனாகவும், துத்தத்தை நப்பின்னையாகவும் கொள்கிறாள். வட்டத்தில் எவரை முதலாக வைத்து எண்ணுகிறோமோ, அதற்கேற்ப இசைமுறை மாறும். இதனையே பண்ணுப் பெயர்த்தல் என்றனர்.

செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்பது அறிஞர் பலர் ஏற்ற முடிவு. அதன் துத்தத்தைக் குரலாக்கினால் படுமலைப்பாலை, அஃதாவது நடபைரவி. உழையைக் குரலாக்கினால் அரும்பாலை, சங்கராபரணம். இளி குரலாயின் கோடிப்பாலை, கரகரப்பிரியா. விளரி குரலாயின் விளரிப்பாலை, தோடி. தாரம் குரலாயின் மேற்செம்பாலை, கல்யாணி. கைக்கிளை குரலாகிய செவ்வழிப்பாலையில் மட்டும் பஞ்சமம் அமையாது. சுரங்களில் ஒன்றேனும் மாறவில்லை. குரல் நின்ற இடமே மாறியது.

இவ்வறிவு நெடுங்காலம் ஏட்டிலே உறங்கிற்று. 1892இல் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரைகளுடன் பதிப்பித்தார். 1917இல் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. ஈழத்து விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947இல் அரங்கேறியது. 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கம், 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தலாயிற்று. ஓதுவார் மரபில் வாழ்ந்த பண்ணும் ஏட்டில் கிடந்த இலக்கணமும் இவ்வாறு மீண்டும் கைகோத்தன.

ஆதலின், ஒரு பாட்டின் பண்ணை அறிய விரும்புவோர் சுரங்களை எண்ணுமுன், பாட்டு எங்கே இளைப்பாறுகிறது என்று செவிகொடுத்துக் கேட்க வேண்டும். அடி முடிவு சில வேளை நம்மை ஏமாற்றும். ஆகவே, குரல் என்று தோன்றும் சுரத்தைப் பாட்டு முழுவதும் விடாமல் ஒலிக்கச் செய்து பார்க்க வேண்டும். தொடக்கம் முதல் இறுதிவரை பாட்டு அதனோடு இழைந்து நின்றால் அதுவே குரல். பின்னர் மற்ற ஆறும் தத்தம் இடத்தில் தாமே வந்து அமையும்.

ஊரை விட்டு வந்த நம் பிள்ளைகளுக்குப் பாட்டுகள் எளிதிற் கிடைக்கின்றன. சுரங்களையும் அவர்கள் விரைவிற் கற்கின்றனர். குரலைப் பிடித்துக் காட்டத்தான் அருகில் ஒருவர் வேண்டும். என் தாயார் இசையிலக்கணம் பயின்றவரல்லர். கோயிலில் ஓதுவார் பாடக் கேட்டவர், அவ்வளவே. அவர் ஊர் திரும்பிய பின்னும், என் மகள் முதலில் அந்த ஒரு கட்டையைத்தான் தேடுகிறாள்.