தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணமும் 500 யூனிட் எல்லையும்

தமிழ்நாட்டில் வீட்டு மின்பயன்பாடு இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை கணக்கெடுக்கப்படுகிறது. பயன்பாடு கூடக் கூட யூனிட்டுக்கான விகிதமும் கூடும் படிநிலை முறை இங்கு உள்ளது. 2016 மே மாதம் முதல் எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம்.

பலரும் குழம்புவது 500 யூனிட்டில்தான். அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்கு முந்தைய யூனிட்டுகளுக்கும் விகிதம் மாறிவிடும். 2022க்கு முன்பு, நிலைக்கட்டணம் உட்பட, 500 யூனிட்டுக்கு ரூ.1,130, 501 யூனிட்டுக்கு ஏறத்தாழ ரூ.1,787. ஒரே யூனிட்டால் ரூ.657 கூடியது.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அறிவித்த கட்டண உயர்வு 2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. வீடுகளுக்கு நிலைக்கட்டணம் நீக்கப்பட்டது. 500 யூனிட்டுக்கான தொகை ரூ.1,725 ஆயிற்று, 501 யூனிட்டுக்கு ரூ.1,958. கட்டணம் உயர்ந்தது, ஆனால் இடைவெளி ரூ.233 ஆகச் சுருங்கியது. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குரிய ரூ.2.25, எல்லையைத் தாண்டிய வீட்டுக்கு ரூ.4.50 ஆனதால் ரூ.225; 501ஆவது யூனிட்டுக்கு ரூ.8.

கணக்கெடுப்பு சில நாள் தள்ளிப்போனாலே 490 யூனிட்டில் நின்றிருக்க வேண்டிய வீடு 500ஐத் தாண்டிவிடக்கூடும். ஆகவே தொகையைப் பார்க்கும் முன், கணக்கெடுத்த தேதியையும் யூனிட்டையும் பார்ப்பது நல்லது.