ஒளிர்குச்சி: சுடாத ஒளியின் வரலாறு

ஒளிர்குச்சி என்பது தீயோ மின்சாரமோ இல்லாமல், வேதிவினையால் மட்டும் ஒளிதரும் பிளாஸ்டிக் குழாய் ஆகும். குழாயை வளைத்தால் உள்ளிருக்கும் மெல்லிய கண்ணாடிக் குப்பி உடைகிறது. அதுவரை பிரிந்திருந்த இரு கரைசல்களும் கலந்து ஒளிரத் தொடங்குகின்றன. இன்று இசை நிகழ்ச்சிகளில் விளையாட்டுப் பொருளாக அசைக்கப்படும் இது, உயிர் தொடர்பான ஒரு பழைய சிக்கலுக்கும் விடை: எரிவாயு நிறைந்த இடத்தில் வெளிச்சம் உண்டாக்குவது எப்படி?

இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் 1812ஆம் ஆண்டு நிகழ்ந்த வெடிவிபத்தில் 92 பேர் இறந்தனர். 1815இல் ஹம்ப்ரி டேவி கம்பிவலை சூழ்ந்த பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். ஆனால் அந்த வலைக்குள்ளும் எரிந்தது சுடர்தான்.

சுடரில்லாத ஒளி அதற்கு முன்பே மனிதர் கைக்கு வந்திருந்தது. 1669இல் ஹாம்பர்க் நகரின் ஹென்னிக் பிராண்ட், பொன் செய்யும் ஆசையில் சிறுநீரைக் காய்ச்சி இருளில் ஒளிரும் பாஸ்பரஸைப் பெற்றார். அது நஞ்சு, எளிதில் தீப்பற்றும். எனவே விளக்காகப் பயன்படவில்லை. 1877இல் போலந்து வேதியியலாளர் ரட்சிஷெவ்ஸ்கி, லோபின் என்னும் கரிமச் சேர்மம் காரக் கரைசலில் காற்றுப்பட்டு ஒளிர்வதைக் கண்டார். 1888இல் ஜெர்மனியின் வீடமன் இத்தகைய நிகழ்வுக்கு வேதியொளிர்வு என்ற பொருள்படும் பெயரை இட்டார். 1928இல் ஆல்பிரெக்ட் லூமினாலின் நீல ஒளியை விவரித்தார். இரத்தக்கறையைத் தேடப் பின்னர் காவல்துறை பயன்படுத்தியது இதையே.

இவை ஆய்வகத்தில் அழகாக இருந்தாலும் வழிகாட்டும் அளவுக்கு வெளிச்சம் தரவில்லை. பெரும்பாலான வினைகளில் ஆற்றல் வெப்பமாகச் சிதறிவிடுகிறது. ஒளி பிறக்க வேண்டுமானால் போதிய ஆற்றல் ஒரே படியில் வெளிப்பட வேண்டும். அதை வாங்கிக்கொள்ளத் தகுந்த மூலக்கூறும் அருகில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய எட்வின் சாண்ட்ராஸ், ஆக்சலைல் குளோரைடையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஒளிரும் சாயத்துடன் கலந்து ஒளி பெற்றார். 1963இல் அதை வெளியிட்டார். பெல் ஆய்வகம் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். விளக்கு அதன் தொழிலன்று. மேலும் ஆக்சலைல் குளோரைடு அரிக்கும் தன்மையுள்ளது, ஈரத்துடன் கடுமையாக வினைபுரிவது. சட்டைப்பையில் வைக்கும் குழாயில் அதை அடைக்க இயலாது.

இந்த இடத்தில்தான் அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் மைக்கேல் ரௌஹட் குழுவினரின் பங்கு முக்கியமாகிறது. குளோரைடுக்கு மாற்றாக ஆக்சாலிக் அமிலத்தின் பீனைல் எஸ்டர்களை அவர்கள் ஆராய்ந்தனர். இவற்றைச் சேமித்து வைக்கலாம். ஒளியும் பன்மடங்கு மிகுதி. இவ்வழியே சயலூம் என்ற வணிகப் பெயருடன் ஒளிர்குச்சி சந்தைக்கு வந்தது. வினையைத் தந்தவர் சாண்ட்ராஸ் என்றும், அதைக் கையாளத்தக்க பொருளாக்கியவர்கள் ரௌஹட் குழுவினர் என்றும் கொள்வதே பொருத்தம். அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்களுக்கும் இதில் பங்குண்டு.

குச்சியினுள் பெராக்சைடு எஸ்டரைத் தாக்கும்போது பீனால் பிரிகிறது. அதனுடன், இரண்டு கார்பனும் இரண்டு ஆக்சிஜனும் கொண்ட இறுக்கமான நான்முனை வளையம் ஒன்று உருவாவதாகக் கருதப்படுகிறது. நெடுங்காலம் இதை நேரடியாகக் கண்டறிய முடியவில்லை. கணப்பொழுதில் உடைந்து இரண்டு கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுகளாகிவிடும். 1970களின் இறுதியில் கேரி ஷுஸ்டர் முன்வைத்த விளக்கப்படி, சாயம் இத்தகைய பெராக்சைடுக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது. வளையம் உடைந்ததும் எலக்ட்ரான் திரும்பி வருகிறது. அப்போது கிளர்வுற்ற சாயம் இயல்புநிலைக்கு மீளும்போது ஒளியை உமிழ்கிறது.

ஆகவே நிறத்தைத் தீர்மானிப்பது சாயமே. டைபீனைல் ஆந்த்ரசீன் நீலமும், ரூப்ரீன் மஞ்சள் கலந்த செம்மையும் தரும். வெந்நீரில் இட்டால் குச்சி பளிச்சென்று ஒளிர்ந்து விரைவில் அணையும். உறைபெட்டியில் வைத்தால் மங்கி நெடுநேரம் நீடிக்கும். முழுவதும் அணைந்த குச்சியையும் புறஊதா விளக்கின் கீழ் வைத்தால் பெரும்பாலும் மீண்டும் ஒளிரும். தீர்ந்துபோனவை எஸ்டரும் பெராக்சைடுமே, சாயம் அங்கேயே இருக்கிறது.