புது சைக்கிள் லைட்டில் பழைய பேட்டரி போடலாமா? முதலில் இதைப் பாருங்க!

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லித்தியம் பேட்டரியை புது சைக்கிள் லைட்டுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் பிளக் பொருந்தினால் மட்டும் போதாது.

வோல்ட் முக்கியம்: ஒரு 18650 செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட். இரண்டு செல்களை தொடராக இணைத்த பேக் என்றால் 8.4 வோல்ட். ஒரு செல்லுக்கான லைட்டில் அதை மாட்டினால் சர்க்யூட் கருகிவிடலாம்.

கலக்காதீங்க: இரண்டு செல் லைட்டில் பழசும் புதுசும் சேர்த்துப் போட்டால், பலவீனமான செல் அளவுக்கு மீறி வடிந்து சூடாகலாம்.

இது வேண்டவே வேண்டாம்: உறை கிழிந்த, நசுங்கிய, கசிந்த செல்லில் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. குப்பையில் போடாமல் மின்கழிவு மையத்தில் கொடுத்துடுங்க.

நல்ல செல்லும் பழசானால் சீக்கிரம் சார்ஜ் இறங்கும். எவ்வளவு நேரம் எரிகிறது என்று வீட்டிலேயே பார்த்துட்டு இரவில் கிளம்புங்க.