சென்னை வானாய்வகமும் சிறுகோள்களின் ஒழுக்குக் கணிப்பும்

ஞாயிற்றைச் சுற்றிவரும் சிறுகோள்கள் பத்து இலட்சத்திற்கும் மேலாக இன்று அறியப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியில் உலவுவன. இவற்றுள் ஐந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்திற் கண்டுபிடிக்கப்பட்டவை. கண்டவர் பெயர் நூல்களில் உண்டு. ஆயின், கண்டபின் அவை எவ்வாறு தொடரப்பட்டன என்பது அதிகம் பேசப்படுவதில்லை. ஒரு மங்கிய பொருளை வானிற் காண்பது வேறு. அது அடுத்த ஆண்டு எத்திசையில் நிற்கும் என்று சொல்வது வேறு. இவ்விரண்டாம் பணியின் வரலாற்றையும், அதில் உள்நாட்டார்க்கு இருந்த பங்கையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோள்களின் நிலையைக் கணிப்பது தமிழர்க்குப் புதிதன்று. பூனாகலை முதலான ஊவாத் தோட்டங்களிலே கோயில் திருவிழாவுக்கும் மணவினைக்கும் நாட் குறிக்கும்போது வாக்கியமா, திருக்கணிதமா என்னும் வினா இன்றும் எழுவதுண்டு. வாக்கிய முறையிலே சந்திரனின் நிலைகள் 248 வாக்கியங்களாக்கப்பட்டு மனனஞ் செய்யப்பட்டன. சென்னை வானாய்வகத்தில் முன்னர்ப் பணியாற்றிய ஜோன் வாரன் என்பார், 1825இல் வெளிவந்த தமது ‘கால சங்கலித’ என்னும் நூலிலே, புதுச்சேரியில் தாம் கண்ட பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். அக்கணிதர் நிலத்திலே சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை நினைவிலிருந்தே எடுத்து, 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்தார். கணித வரலாற்றறிஞர் நொய்கபவர் 1952இல் இதனை மீண்டும் ஆராய்ந்தார். கிரகணத்தின் தொடக்கத்திற்கு 4 நிமிடமும், நடுவிற்கு 23 நிமிடமும், முடிவிற்கு 52 நிமிடமுமே பிழை இருந்ததென அவர் காட்டினார். பல தலைமுறைகளாகக் கைமாறி வந்த முறையின் வலிமைக்கு இது சிறந்த சான்றாகும்.

எனினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. சந்திரனும் ஏனைய கோள்களும் முன்னரே அறியப்பட்டவை. அவற்றின் சுழற்சிகள் நெடுங்காலம் எண்ணப்பட்டவை. நேற்று இரவு முதன்முதலாகத் தென்பட்ட ஒரு பொருளுக்கு வாக்கியம் இல்லை. அதற்கு வேறொரு கணிதம் வேண்டியிருந்தது.

அக்கணிதம் பிறந்த கதை 1801ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு சனவரி முதலாந் திகதி, சிசிலித் தீவின் பலேர்மோ நகரிலே பியாட்சி என்பார் சீரிஸ் என்னும் முதற் சிறுகோளைக் கண்டார். பெப்ரவரி 11 வரையே அவரால் அதனைத் தொடர முடிந்தது. பின்னர் அது ஞாயிற்றின் ஒளியில் மறைந்தது. எஞ்சியிருந்த சில அளவீடுகளைக் கொண்டு, அப்போது 24 வயதினரான கௌஸ் என்னும் செர்மானிய அறிஞர் அதன் ஒழுக்கை, அஃதாவது சுற்றுப்பாதையைக் கணித்தார். ஆண்டிறுதியில், அவர் சொன்ன பகுதியிலேயே சீரிஸ் மீண்டும் காணப்பட்டது. இம்முறையின் அடிப்படை எளிது. ஓர் ஒழுக்கை முழுமையாக வரையறுக்க ஆறு அளவுகள் வேண்டும். வானில் ஒரு பொருளின் இடத்தை ஒருமுறை அளந்தால், கிழக்கு மேற்காக ஒன்றும் வடக்குத் தெற்காக ஒன்றுமாக இரண்டு எண்கள் கிடைக்கும். ஆகவே குறைந்தது மூன்று இரவுகளின் அளவீடுகள் தேவை. இம்மூன்று என்னும் எண்ணை வாசகர் மனங்கொள்வாராக.

சென்னை வானாய்வகம் 1786இல் வில்லியம் பெற்றி என்பவர் எழும்பூரில் தம் செலவில் நிறுவியது; 1790இற் கிழக்கிந்தியக் கும்பனியின் கைக்கு வந்து, 1792இல் நுங்கம்பாக்கத்துக்கு மாறியது. 1861இல் நோர்மன் றொபேட் பொக்சன் அதன் தலைவராக வந்துசேர்ந்தார். ஒக்ஸ்போட்டில் இருந்த காலத்திலேயே, 1856இல், விண்மீன்களின் ஒளித்தரத்திற்கு இன்றும் வழங்கும் அளவுமுறையை வகுத்தவர் அவர். ஐந்து தரம் குறைந்தால் ஒளி நூறிலொன்றாகும் என்பது அம்முறை. வெறுங்கண் ஏறத்தாழ ஆறாந் தரம் வரை காணும். பதினோராந் தரத்துச் சிறுகோள் அதனினும் நூறு மடங்கு மங்கியது. பொக்சன் சென்னைக்கு வந்த சில வாரங்களுள், 1861 ஏப்பிரல் 17இல், ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து காணப்பட்ட முதற் சிறுகோளாதலின் அது ‘ஆசியா’ எனப் பெயர் பெற்றது. தொடர்ந்து 1864இல் சாபோ, 1866இல் சில்வியா, 1868இல் கமிலா, 1885இல் வேரா என்பன காணப்பட்டன.

அக்காலத்தில் சிறுகோளைப் பிடிக்க ஒளிப்படம் உதவவில்லை. அவ்வழி 1891இலேயே ஐரோப்பாவிற் பயன் தந்தது. கையால் வரைந்த விண்மீன் படத்தையும் வானத்தையும் மாறி மாறி ஒப்பிட வேண்டும். படத்தில் இல்லாத புள்ளியொன்று தோன்றின், மறுநாள் அது நகர்ந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கு எதிர்ப்புறத்தில் நிற்கும்போது ஒரு சிறுகோள் நாளொன்றுக்கு ஏறத்தாழ காற் பாகை நகரும். இது நிலவின் விட்டத்திற் பாதி. பின்னர், அயலிலுள்ள விண்மீன்களிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என அளக்க வேண்டும்.

ஆனால் அவ்விண்மீன்களின் இடம் திருத்தமாகத் தெரியாவிடின் சிறுகோளின் இடமும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு விண்மீனும் உச்சிவட்டத்தைக் கடக்கும் கணத்தைக் கடிகாரங்கொண்டு குறிக்கும் பணி ஆண்டுக்கணக்கில் நடைபெற்றது. பூனாகலை சென்னைக்குச் சற்றே கிழக்கில் இருப்பதால், எங்கள் மலையில் உச்சிவட்டத்தைக் கடக்கும் விண்மீன் ஏறத்தாழ மூன்று நிமிடங்களின் பின்னரே சென்னையில் அதனைக் கடக்கும். அத்தகைய கணங்களை நொடியின் பின்னம் வரை குறித்து, 1862 முதல் 1887 வரையான காலத்தில், 5,000இற்கு மேற்பட்ட விண்மீன்களுக்கான பட்டியலொன்றுக்குரிய அளவீடுகளைச் சென்னையில் திரட்டினர்.

இப்பணியின் பெரும்பங்கு உதவியாளர்களுடையது. அவருள் தலையாயவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் தென்வானத்திலுள்ள ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தவர் இவரே. 1872இல் இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினரானார். 1874இன் வெள்ளி இடைநகர்வை விளக்க இந்திய மொழிகளில் நூல் வெளியிட்டார். கண்ணாற் காணும் நிலைக்கு ஒத்த திருக்கணித பஞ்சாங்கத்தையும் அவர் வெளிக்கொணர்ந்தார். சிறுகோளைத் தொடர்வதற்கும் பஞ்சாங்கத்தைத் திருத்துவதற்கும் வேண்டிய ஒழுங்கு ஒன்றே என்பதை உணர்ந்தவர் அவர்: கணித்த இடத்தை வானத்தோடு ஒப்பிட்டு, பிழை கண்டவிடத்துக் கணிப்பைத் திருத்துதல். பொக்சனின் மகள் ஐசிஸ் 1873 முதல் கால் நூற்றாண்டு அங்கு கணிப்பாளராக உழைத்தார். எனினும் பெண் என்னும் காரணத்தால் அரச வானியற் கழகம் 1920 வரை அவரை உறுப்பினராக ஏற்கவில்லை.

தொடர்தல் தவறினால் நேர்வது யாது என்பதற்கும் சென்னையிலேயே சான்று உண்டு. 1852இன் பின் காணாமற்போன பியேலா என்னும் வால்வெள்ளியின் பாதையில், 1872 நவம்பர் 27 இரவு பெரும் எரிமீன் மழை பொழிந்தது. செர்மனியின் கோட்டிங்கன் நகரிலிருந்து கிளிங்கர்பூஸ் என்பார், தென்வானில் இன்னவிடத்தே தேடுக எனப் பொக்சனுக்குத் தந்தி அனுப்பினார். டிசெம்பர் 2, 3ஆந் திகதிகளின் விடியற்காலையிலே பொக்சன் அங்கு ஒரு வால்வெள்ளியைக் கண்டு அளந்தார். அதன்பின் வானிலை இடங்கொடுக்கவில்லை. வேறெவரும் அதனைக் காணவில்லை. அது பியேலா அன்று என்பதே பின்வந்த கணிப்பாளரின் முடிபு. ஆயின் அது யாது, எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது என எவராலும் சொல்ல இயலவில்லை. இரண்டு இரவுகளே கிடைத்தன, மூன்றாவது கிடைக்கவில்லை.

மாறாக, இடைவிடாது தொடரப்பட்ட சில்வியா, ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை ஞாயிற்றைச் சுற்றி, சொன்ன காலத்திற் சொன்ன இடத்துக்கு வருகிறது. அதற்கு இரு துணைக்கோள்கள் உண்டென 2005இல் அறிவிக்கப்பட்டது. அவ்வாறு அறியப்பட்ட முதற் சிறுகோள் அதுவே. 1988இல் சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்திலே இராசமோகன் என்னும் அறிஞர் கண்ட சிறுகோள் கணிதமேதை இராமானுசனின் பெயரைத் தாங்குகிறது. வேராவுக்குப் பின் நூறாண்டுக்கும் மேலாக அறுந்திருந்த மரபு அவ்வாறு மீண்டும் தொடங்கியது.

வரலாறு பயில்வார்க்கு இங்கே ஒரு செய்தி உண்டு. பொக்சன் ஆசியாவையும் சாபோவையும் சில்வியாவையும் தொடர்ந்த அதே ஆண்டுகளிலே, அதே சென்னை மாகாணத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தனர். 1876 தொடங்கிய பெரும் பஞ்சம் மேலும் பலரைத் துரத்தியது. தோட்டத்துச் செக்ரோலிலே அவர்களுடைய நாட்பேர் குறிக்கப்பட்டது; ஆயின் பலருடைய பிறப்பும் இறப்பும் ஆவணமாகவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இங்கு பிறந்த ஒருவரிடம் அவருடைய தந்தை இங்கு பிறந்தமைக்கு, அன்றேற் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமைக்குச் சான்று கேட்டது. வாழ்ந்தது உண்மை, குறிப்பு இல்லை. அக்குறையால் நாடற்றோராய் நின்றவர்களின் துயர் தீரச் சட்டப்படி 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மேகம் மறைத்த வால்வெள்ளிக்கு எவரும் பொறுப்பாளர் அல்லர். மனிதரைக் குறியாது விட்டமைக்கு மேகம் காரணமன்று. தோட்டப் பதிவேடுகள், கோயிற் கணக்குகள், முதியோர் நினைவுகள் என இன்று எஞ்சியவற்றைத் திகதியிட்டு, இடங்குறித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திரட்டும் பணியைப் பல்கலைக்கழக மாணவர் மேற்கொள்ளல் வேண்டும். ரகுநாதாச்சாரி போன்றோர் இரவுதோறும் செய்தது இத்தகைய பணியே. அதற்கு வேண்டுவன பெருங்கருவிகள் அல்ல, இடையறாத கவனமே.