தராசும் பாலிசியும்

இந்தியாவில் விற்கப்படும் மருத்துவக் காப்பீட்டு பாலிசி ஒன்றை எடுத்து, பின்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். 'இதற்கெல்லாம் பணம் தர மாட்டோம்' என்கிற பட்டியலில் எக்ஸ்க்ளூஷன் 06 என்று ஓர் எண் இருக்கும். தலைப்பு: உடல்பருமன், எடைக் கட்டுப்பாடு. அதன் அக்கம்பக்கத்தையும் கவனிக்க வேண்டும். 05 என்பது சும்மா ஓய்வெடுக்க ஆஸ்பத்திரியில் படுப்பது. 08 அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சை. 09 சாகச விளையாட்டில் அடிபடுவது. 12 குடியும் போதையும். இந்த வரிசையில்தான் உடல்பருமனுக்கான அறுவை சிகிச்சையும் உட்கார்ந்திருக்கிறது. கூட்டாளிகளைப் பார்த்தாலே, அதை என்னவாக நினைக்கிறார்கள் என்று புரிந்துவிடும்.

முழுக்கக் கதவைச் சாத்தவில்லை என்பதும் உண்மை. 2019-க்கு முன் பெரும்பாலான பாலிசிகள் ஒரே வரியில் 'கிடையாது' என்று முடித்துக்கொண்டன. அந்த ஆண்டு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இந்த விலக்குகளுக்கெல்லாம் ஒரே வாசகத்தை எழுதிக் கொடுத்தது. அதன்படி வயது 18 ஆகியிருக்க வேண்டும், டாக்டர் பரிந்துரைத்திருக்க வேண்டும், உடல் நிறை எண், அதாவது பி.எம்.ஐ., 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 அல்லது அதற்கு மேல் என்றால் கூடவே இதய நோயோ, கடுமையான தூக்க மூச்சுத்திணறலோ, கட்டுக்குள் வராத சர்க்கரையோ இருக்க வேண்டும். மற்ற வழிகளை முயன்று தோற்றிருக்கவும் வேண்டும். இதற்குக் கீழே இருப்பவர் கைக்காசைத்தான் போட வேண்டும்.

இந்த 40-ம் 35-ம் எங்கிருந்து வந்தன என்று தேடத் தொடங்கினேன். அது என்னை நூறு வருடம் பின்னால் இழுத்துக்கொண்டு போனது. போய் நின்ற இடம் ஆஸ்பத்திரி இல்லை, இன்னொரு காப்பீட்டு ஆபீஸ்.

எடையை முதலில் எண்ணியவர்கள்

ஒரு மனிதனின் எடையை உயரத்தின் வர்க்கத்தோடு பொருத்திப் பார்த்த முதல் ஆள் டாக்டர் இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே ஒரு வானியலாளர், புள்ளியியலாளர். 1830-களில் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்பது அவர் கேள்வியே அல்ல. அந்த வாய்ப்பாட்டுக்கு பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தது 1972-இல், அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ்.

இடைப்பட்ட காலத்தில் எடையைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டவர்கள் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள். சீக்கிரம் சாகக்கூடியவருக்குக் குறைந்த பிரீமியத்தில் பாலிசி கொடுத்தால் நஷ்டம். அதனால் யார் சீக்கிரம் சாவார் என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் பாலிசிதாரர்களின் உயரம், எடை, மரண வயது மூன்றையும் சேர்த்துவைத்து அலசின. எடை கூடியவர்கள் முன்னதாக இறக்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனத்தின் புள்ளியியலாளர் லூயி டப்ளின் 1942-43-இல் இந்த உயரத்துக்கு இந்த எடைதான் 'உகந்தது' என்று அட்டவணை வெளியிட்டார். 1959-இல் அதைத் திருத்தி மறுபடியும் வெளியிட்டார்கள். அமெரிக்க டாக்டர்கள் அந்த அட்டவணையைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தினார்கள். ஒருவர் குண்டா இல்லையா என்று மருத்துவம் தீர்மானிக்க உதவிய அளவுகோலை, காப்பீட்டு வியாபாரம் தன் லாபத்துக்காகச் செய்து கொடுத்திருந்தது.

நம்ம ஊர் எல்.ஐ.சி. படிவத்தில் உயரம், எடை என்று இரண்டு கட்டங்கள் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? ஏஜெண்ட் ஒரு குத்துமதிப்பாகப் போட்டுக்கொள்வாரே, அதேதான். அந்தக் கட்டங்களும் இந்தப் பரம்பரைதான்.

ஆக, பருமன் உயிருக்கு ஆபத்து என்பது காப்பீட்டுக்காரர்களுக்குப் புதுச் செய்தி இல்லை. அந்தச் செய்தியை உலகத்துக்கு உரக்கச் சொன்னவர்களில் அவர்களும் முன்வரிசை.

காசுக்காகப் பிறந்த ஒரு சொல்

அறுவை சிகிச்சை வந்தது 1950-களில். 1954-இல் மினசோட்டாவைச் சேர்ந்த கிரெமனும் லின்னரும் சிறுகுடலின் பெரும்பகுதியைச் சுற்றிவிட்டுக் குறுக்குவழி போடும் முறையை எழுதினார்கள். சாப்பாடு உள்ளே போகும், ஆனால் உடம்பில் ஒட்டாது. எடை நன்றாகவே குறைந்தது. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு. 1980 வாக்கில் அந்த முறையைக் கைவிட்டார்கள். அறுவை என்றாலே இன்றைக்கும் நம் வீடுகளில் ஒரு திகில் வருகிறதே, அதற்கு ஒரு நியாயமான பழைய காரணமும் உண்டு.

1966-இல் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் வேறு வழி பிடித்தார். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தவர்கள் மெலிந்துபோவதும், பிறகு எடை ஏறச் சிரமப்படுவதும் தெரிந்த விஷயம். அதையே சிகிச்சையாக்கினால் என்ன? இரைப்பையைச் சிறு பையாகப் பிரித்து நேரே சிறுகுடலோடு இணைத்தார். இன்றைய 'கேஸ்ட்ரிக் பைபாஸ்' அதிலிருந்து வளர்ந்தது. இப்போது அதிகம் செய்யப்படும் 'ஸ்லீவ்', இரைப்பையை வாழைப்பழ அளவுக்கு நீளவாக்கில் வெட்டிச் சுருக்குவது. அது ஒரு பெரிய அறுவையின் முதல் கட்டமாகத் தொடங்கியது. முதல் கட்டத்திலேயே பலருக்குப் போதுமான எடை குறைந்ததால் 2000-க்குப் பிறகு தனிச் சிகிச்சையாக நின்றுவிட்டது.

இதற்கு நடுவில் நடந்த ஒரு சின்ன விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1960-களில் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் 'மார்பிட் ஒபிசிட்டி' என்று ஒரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நோயாகிவிட்ட பருமன் என்று வைத்துக்கொள்ளலாம். ஏன் வெறும் 'பருமன்' போதவில்லை? வெறும் பருமனுக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. நோய் என்று எழுதினால்தான் பில் நகரும். சொல் பிறந்ததற்கு இதுவே ஒரு காரணம் என்று மருத்துவ வரலாற்றில் சொல்லப்படுகிறது. ஒரு நோயின் பெயர் பில்லுக்காகவும் உருவாகும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

1991-இல் போட்ட கோடு

1991-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் மாநாடு ஒரு கோடு போட்டது: பி.எம்.ஐ. 40, கடுமையான இணைநோய் இருந்தால் 35. நம் எக்ஸ்க்ளூஷன் 06-இன் எண்கள் அப்படியே இருக்கின்றன, பார்த்தீர்களா? வயிற்றைத் திறந்துதான் அறுவை செய்த காலத்தின் கோடு அது. பைபாஸை லேப்ராஸ்கோபியில் செய்த முதல் அறிக்கை வந்ததே 1994-இல்தான்.

கோட்டுக்குப் பிறகு ஆதாரங்கள் வரிசையாக வந்தன. 1995-இல் வால்டர் போரிஸ் குழுவினர் வட கரோலினாவிலிருந்து எழுதினார்கள்: பைபாஸ் செய்துகொண்ட 146 சர்க்கரை நோயாளிகளில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்புக்குத் திரும்பியது. 2007-இல் ஸ்வீடன் ஆய்வு வந்தது. அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும், செய்துகொள்ளாத 2,037 பேரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்ததில், அறுவை செய்தவர்களிடம் மரணம் குறைவு என்று தெரிந்தது.

ஆனாலும் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டு விதிகளில் 'பருமன் ஒரு நோயல்ல' என்கிற பொருள்படும் வாசகம் 2004 வரை இருந்தது. அந்த ஜூலையில்தான் நீக்கினார்கள். 2006-இல்தான் இந்த அறுவைக்கு நாடு முழுதும் செல்லும் விதி வந்தது. முதல் அறுவைக் கட்டுரைக்கும் அதற்கும் நடுவே அரை நூற்றாண்டு.

அதே நாட்டில் இன்னும் பல தனியார் பாலிசிகள் இதை ஒதுக்குகின்றன. ஒதுக்கப்பட்டவர்கள் சேமிப்பை எடுத்துக்கொண்டு மெக்சிகோவின் டிஹுவானாவுக்குப் போகிறார்கள். எல்லை தாண்டினால் செலவு பல மடங்கு குறைவு. 2019 ஜனவரியில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஓர் எச்சரிக்கை விட்டது: டிஹுவானாவில் அறுவை செய்து திரும்பியவர்களிடம் மருந்துக்கு அடங்காத கிருமித்தொற்று, அவர்களில் பெரும்பாலோர் போனது எடைக்குறைப்புக்காக. காசு குறைந்த இடத்தைத் தேடிப் போகிறவரிடம், அந்த ஆஸ்பத்திரியின் கிருமிநீக்கம் எப்படி என்று விசாரிக்கும் வசதி எவ்வளவு இருக்கும்?

அக்காவின் கணக்கு

எங்கள் சித்தி பெண், எனக்கு அக்கா முறை, திருப்பூர் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். உயரம் 160 சென்டிமீட்டர், எடை 87 கிலோ. மூன்று மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்காத சர்க்கரை. டாக்டர் அறுவை செய்யலாம் என்றார். அவர் ஒன்றும் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது என்பதால் 2009-இல் இந்திய மருத்துவ நிபுணர்கள் கோட்டைக் கீழே இறக்கியிருந்தார்கள்: இணைநோய் இருந்தால் 32.5, இல்லாவிட்டால் 37.5.

அக்காவின் பி.எம்.ஐ. 34-ஐ ஒட்டி வந்தது. டாக்டர்களின் கோட்டுக்கு மேலே, பாலிசியின் கோட்டுக்குக் கீழே. அவள் உயரத்துக்கு 35 என்றால் 89.6 கிலோ. கேஷ்லெஸ் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

"டாக்டர் ஆபரேஷன் பண்ணலாங்கறாரு, கம்பெனிக்காரன் நீ இன்னும் குண்டாகலேங்கறான். நான் யார் பேச்சடா கேக்கறது?" என்று போனில் சிரித்தாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இன்னும் மூணு கிலோ ஏத்தினா குடுப்பானா?" என்றாள். அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

மூன்று கிலோ ஏற்றவில்லை. நகையை அடகு வைத்தாள், ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தாள், மாமா பி.எஃப்.பில் முன்பணம் வாங்கினார். எல்லாம் சேர்த்து நான்கு லட்சத்துச் சொச்சம். அதோடு முடியவில்லை. இரும்பு, கால்சியம், பி12 என்று ஆயுள் முழுக்க மாத்திரை. வருடா வருடம் ரத்தப் பரிசோதனை. அவை எந்த பேக்கேஜிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஊசி நின்றது, மாத்திரை ஒன்றானது. வட்டி மட்டும் இன்னும் ஓடுகிறது.

சொந்தக்காரர்கள் சொன்னது வேறு. "வாயக் கட்ட முடியாம நாலு லட்சத்தக் குடுத்து வயித்த வெட்டிக்கிட்டா." இதயத்தில் பைபாஸ் செய்த பெரியப்பாவை இப்படி யாரும் கேட்டதில்லை. அவரும் முப்பது வருடம் பீடி பிடித்தவர்தான். அவருக்குக் காப்பீடு பணம் கொடுத்தது, ஊரே ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தது. அந்த உறவுக்காரப் பேச்சையும் எக்ஸ்க்ளூஷன் 06-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே ஆள் எழுதியது போலத்தான் எனக்குத் தெரிகிறது. தப்பு உன்னுடையது, செலவும் உன்னுடையது.

காப்பீட்டுக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். எல்லோருக்கும் கொடுத்தால் எல்லோர் பிரீமியமும் ஏறும். அறுவையில் கசிவு, ரத்தப்போக்கு என்று ஆபத்துகள் உண்டு. சிலருக்குப் போன எடை திரும்ப வருகிறது. யாருக்குச் செய்யலாம் என்று ஒரு கோடு வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோட்டை யார் உடம்பை அளந்து போடுவது? 2022-இல் அமெரிக்க, சர்வதேசச் சங்கங்கள் சேர்ந்து 1991-இன் கோட்டையே மாற்றிவிட்டன. இணைநோய் இல்லாவிட்டாலும் 35 போதும். சர்க்கரை போன்றவை இருந்தால் 30-இலேயே யோசிக்கலாம். ஆசியர்களுக்கு அதையும் குறைத்துக்கொள்ளலாம் என்றன. கோடு போட்ட நாட்டிலேயே மருத்துவர்கள் அதை அழித்தாயிற்று. நம் பாலிசிக் காகிதத்தில் அது இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

இப்போது எடைக்குறைப்பு ஊசிகள் வந்திருக்கின்றன. 2025-இல் மவுன்ஜாரோவும் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. அவற்றையும் பெரும்பாலும் கைக்காசில்தான் வாங்குகிறார்கள். வாங்க முடிந்தவர் மெலிவார், முடியாதவரிடம் 'நடைப்பயிற்சி பண்ணுங்க' என்று சொல்லப்படும்.

நூறு வருடமாக இந்தக் கணக்கு ஒரே மாதிரிதான் ஓடுகிறது. பிரீமியம் வாங்கும் நாளில் எடை என்பது ஆபத்து. அதற்காகக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். க்ளெய்ம் கேட்கும் நாளில் அதே எடை உங்கள் வாய்ப் பழக்கம். படிவத்தின் முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் நடுவில் அது நோயாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறது.

அடுத்த முறை ஏஜெண்ட் வந்து உயரம், எடை கேட்டால் சரியாகவே சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அந்தக் கட்டத்தை எதற்காக நிரப்புகிறார் என்றும், 06-ஆம் எண்ணில் என்ன எழுதியிருக்கிறது என்றும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள்.